ஒரு சிறுமியின் இடது கை

நான் தொழிலால் கதிர்ப்படம் எடுப்பவன். இலக்கியத்தோடு எனக்குள்ள உறவு, பேராதனையிற் பயின்ற நாட்களில் தமிழ்ச் சங்கக் கூட்டங்களின் பின்வரிசையில் அமர்ந்திருந்தவனுக்குரிய உறவே. இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென நண்பர் கேட்டபொழுது, எழுதுவதற்கு என்னிடம் என்ன உள்ளது என்று கூறித் தட்டிக் கழித்தேன். அவர் விடவில்லை. பின்னர் யோசித்துப் பார்க்கையில், சில ஆண்டுகளாக என் மனத்தை விட்டகலாத ஒரு படம் நினைவுக்கு வந்தது. ஓவியமன்று, நானே எடுத்த ஓர் எக்ஸ் கதிர்ப் படம். மிக மோசமாக எடுக்கப்பட்ட படம்.

மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் எங்கள் கரையோரத்தில் ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குமிடம் புதியவர்களுக்குப் புலப்படாது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே வீதி. அவ்வீதியின் இருமருங்கும் நெருக்கமாக மக்கள். இங்குள்ள வைத்தியசாலைகளுள் ஒன்றிலேதான் எனக்கு வேலை. அதன் பெயரைக் கூறவேண்டிய அவசியமில்லை. நான் சொல்லவிருக்கும் பிழை அதனுடையதன்று, என்னுடையது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு கிழமை சென்றிருக்கும். நண்பகல் கடந்த நேரம். மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்தவர் ஒருவர் தள்ளுவண்டியிற் கிடந்தார். நெஞ்சுப் படத்துக்கு வந்தவர்கள் வாங்கிலும், வாங்கில் இடமின்றிச் சுவரோரத்திலும் நின்றனர். அவர்களிடையே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்துக்கொண்டு ஒரு தாய் வந்தார். மருதமுனை நெசவாளர் குடும்பம். துண்டில் இடது கை, மணிக்கட்டு, எலும்பு வயது என்று எழுதப்பட்டிருந்தது.

“தம்பி, புள்ளட கையில ஒண்டுமில்ல. வளருதில்ல எண்டுதான் டொக்டர்கிட்ட காட்டின. கைய ஏன் எடுக்கச் சொல்லிருக்கு?” என்று அத்தாய் கேட்டார்.

“அது அப்பிடித்தான் ராத்தா. கெதியாக் கைய வைக்கச் சொல்லுங்க” என்றேன்.

எனக்கு விடை தெரியாமலில்லை. இரண்டு நிமிடத்திற் கூறியிருக்கலாம். வெளியே நின்ற வரிசை என் நாவைக் கட்டிப்போட்டது என்று அன்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன்.

படம் எடுக்கும் அறை குளிரூட்டப்பட்டது. வெயிலிலிருந்து வந்த பிள்ளை அத்தட்டின் மீது கையை வைத்ததும் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள். கடற்கரை நண்டைத் தொட்டால் அது எவ்வாறு கால்களை ஒடுக்கிக்கொள்ளுமோ அவ்வாறு. விரித்து வைத்தேன், மீண்டும் மடக்கினாள். இன்னொரு முறை விரித்துவிட்டு, கண்ணாடித் தடுப்பின் பின்னே ஓடிச்சென்று பொத்தானை அழுத்தினேன். திரையில் தோன்றிய படத்தில் நான்கு விரல்களும் அரைவாசி மடிந்திருந்தன. மணிக்கட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. நான் கதிரின் எல்லையை அவசரத்திற் குறுக்கிவிட்டமையால், முன்கையிலுள்ள அரந்தி என்னும் எலும்பின் நுனி வெட்டுப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு இலேசான அசைவும் கலங்கலும். கையென்று தெரிகின்றதல்லவா, போதும் என்று அனுப்பிவிட்டேன். அடுத்து நெஞ்சுப் படம். அதன் பின்னர் அந்தக் கால்.

இங்கே வாசகரிடம் சற்றுப் பொறுமை வேண்டுகின்றேன். கலைப்பீடத்து நண்பர்கள் பலர், வளராத பிள்ளையின் கையை ஏன் படமெடுக்க வேண்டும் என்று அத்தாயைப் போலவே கேட்கக்கூடும். அவர்களுக்கேனும் நான் விடை கூற வேண்டாமா?

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன என்று பாடசாலையிற் படித்திருப்போம். பிறந்த குழந்தையின் மணிக்கட்டைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தால் அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாகவே தோன்றும். எலும்புகளின் அச்சு அங்கே உண்டு. ஆனால் அது கசியிழையத்தால் ஆனது. கல்சியம் சேராத கசியிழையத்தை எக்ஸ் கதிர் பொருட்படுத்தாது ஊடுருவிச் சென்றுவிடும். முதற் சில மாதங்களில் இரு புள்ளிகள் தோன்றுகின்றன. பின்னர் மற்றையவை, ஏறக்குறைய மாறாத ஒரு வரிசையில், ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து ஒவ்வொன்றாக முளைக்கின்றன. கடலைமணி போன்ற எட்டாவது எலும்பு பத்து வயதை அண்டியே எட்டிப் பார்க்கும். முன்கை எலும்புகள் இரண்டிலும் விரலெலும்புகளிலும் நுனியில் தனித்தனித் தொப்பிகள் உண்டு. ஆரை எலும்பின் தொப்பி ஒரு வயதளவில் தோன்றும். அரந்தியின் தொப்பி ஆறு வயதளவில். தொப்பிக்கும் தண்டுக்கும் இடையே படத்தில் ஒரு கரிய கோடு தெரியும். வளர்ச்சி நிகழுமிடம் அக்கோடுதான். தொப்பி முதலில் ஒடுக்கமாயிருந்து, பின்னர் தண்டின் அகலத்தை எட்டி, அதன்பின் தண்டின் ஓரங்களைக் கவிந்து மூடி, இறுதியில் தண்டோடு ஒன்றிவிடுகின்றது. கோடு மறைந்தபின் அவ்வெலும்பு நீளாது. இப்படிகள் யாவும் பெண்பிள்ளைகளில் முந்தியும், பருவமடையும் வயதில் ஆண்பிள்ளைகளில் அவர்களினும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பிந்தியும் நிகழ்வன.

ஆகவே பிறப்புச் சான்றிதழ் கூறும் வயது ஒன்று. எலும்பு கூறும் வயது வேறொன்று. பதினொரு வயதுப் பிள்ளையின் எலும்பு பதினொன்று என்று கூறினால் அவள் குட்டையாயிருப்பதற்குக் குடும்பவழி காரணமாயிருக்கலாம். எட்டு அல்லது ஒன்பது என்று கூறுமாயின், அவளுக்கு வளர்வதற்கு இன்னும் காலம் இருக்கின்றது என்பதோடு, ஏதோ ஒன்று வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துகின்றது என்றும் ஐயுற இடமுண்டு. ஒரேயொரு கையில் இருபதுக்கு மேற்பட்ட எலும்புகளின் செய்தியை ஒருங்கே படிக்கலாம் என்பதாலும், உடலின் நடுப்பகுதியிலிருந்து விலகியிருப்பதாற் கதிரினால் வருந்தீங்கு மிகச் சிறிது என்பதாலுமே மருத்துவர்கள் கையைத் தேர்ந்தனர். இடது கை என்பது ஒரு வழக்கு. பெரும்பாலோர் வலக்கையாற் பணிபுரிவதால் அது காயமும் உருமாற்றமும் அடைய வாய்ப்பு அதிகம்.

வில்லெம் ரொன்ட்ஜன் 1895 நவம்பர் 8ஆந் திகதி எக்ஸ் கதிரைக் கண்டறிந்து, அவ்வாண்டு டிசம்பர் 22ஆந் திகதி தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரலெலும்பின் மீது மோதிரம் கறுத்துத் தடித்துத் தெரியும் அப்படத்தை யாவரும் கண்டிருப்பர். நகைகளைக் கழற்றிவிட்டே கையை வைக்கவேண்டும் என்பது எங்களுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம். உலகின் புகழ்பெற்ற கைப்படமே அவ்விதியை மீறியது என்று வகுப்பிற் சிரித்திருக்கின்றோம். மனிதருடலின் உட்பகுதியைக் காட்டிய முதற் படங்களுள் ஒன்று கையாக அமைந்தமையும், பின்னர் அக்கையே வளர்ச்சியின் கடிகாரமானமையும் எனக்கு இன்றும் வியப்பளிப்பன.

அக்கடிகாரத்துக்கு எண்கள் பொறித்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய விங்கேற் டொட். ஒகாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் 1931ஆம் ஆண்டு தொடக்கம் ஒரே பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்து அவர்களுடைய கைகளைப் படமெடுத்து வந்தார். அவருடைய படத்தொகுப்பு 1937இல் வெளிவந்தது. அவர் மறைந்தபின் அப்படங்களை அடிப்படையாகக் கொண்டு கிறூலிச், பைல் என்னும் இருவர் 1950இல் வெளியிட்டு, 1959இல் திருத்திய தொகுப்பே இன்றும் உலகெங்கும் மேசைகளிற் கிடக்கின்றது. ஒவ்வொரு வயதுக்கும் உரிய மாதிரிக் கைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே அதிலுண்டு. முன்னேயிருக்கும் படத்தை அவற்றோடு ஒப்பிட்டு, மிக அண்மித்ததைத் தெரிவதே முறை. பிரித்தானியாவில் டானரும் வைற்ஹவுஸும் வகுத்த இன்னொரு முறை எலும்புகளுக்குத் தனித்தனியே புள்ளியிட்டுக் கூட்டுவது. 1975இலும் 2001இலும் அது திருத்தமுற்றது.

கிளீவ்லாந்திற் படமெடுக்கப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் வசதிமிக்க வெள்ளையினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒகாயோவிற் பாலும் இறைச்சியும் உண்டு வளர்ந்த அப்பிள்ளைகளின் கையை, மீன்கறியும் சோறும் உண்ணும் மருதமுனைப் பிள்ளையின் கைக்கு அளவுகோலாக வைக்கின்றோம். இதனால் வரும் வேறுபாடுகளைத் தெற்காசியாவிலும் பிறவிடங்களிலும் ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அது அறிஞர்கள் தீர்க்கவேண்டிய வழக்கு. அளவுகோலிலேயே ஓரளவு பிசகு இருக்கையில், அளக்கப்படும் துணியையும் சுருட்டி வைத்துக் கொடுத்தால் அளப்பவர் என் செய்வார்? நான் செய்தது அதுவே.

மடிந்த விரல் என்ன செய்யும் என்பதைக் கூறவேண்டும். விரல் தட்டின் மீது தட்டையாகக் கிடக்கும்போது கதிர், தொப்பிக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கோட்டின் வழியே நேராக இறங்கும். கோடு தெளிவாகத் தெரியும். விரல் மடிந்தால் தொப்பியின் நிழல் தண்டின் நிழல் மீது ஏறி விழுகின்றது. ஒடுக்கமான தொப்பி, தண்டைக் கவிந்து மூடிய தொப்பி போலத் தோன்றும். திறந்த கோடு மூடிக்கொண்டு வருவதுபோலத் தோன்றும். சுருங்கக் கூறின் இளைய எலும்பு மூத்த எலும்பின் வேடம் பூண்டுவிடுகின்றது. மணிக்கட்டு சரிந்தாலோ, ஒன்றன்மேல் ஒன்று விழும் சிற்றெலும்புகளுள் எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்பதே மயக்கத்துக்கு இடமாகும். அசைவினால் ஓரங்கள் கலங்கினால், ஓரங்களின் வடிவத்தை நம்பியே நடக்கும் இவ்வாசிப்பு அடியோடு சரிந்துவிடும். அரந்தியின் நுனியோ என் படத்தில் இல்லவே இல்லை.

அப்படத்துக்கு வந்த அறிக்கை, எலும்பின் வயது ஏறத்தாழப் பிள்ளையின் வயதை ஒத்தது என்று கூறியது. இதனை நான் அன்று அறியேன். படமெடுப்பவர்களுக்கு முடிவு தெரிவது அரிது. கடிதத்தை ஒப்படைத்துவிட்டுச் செல்லும் தபாற்காரனுக்கு அதனுள் இருப்பது மரணச் செய்தியா மணச் செய்தியா என்று தெரியாதது போன்றதே எங்கள் நிலை.

இரண்டரை ஆண்டுகள் கழிந்தன. ஒரு காலைப்பொழுதில் அதே தாய் அதே மகளுடன் வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. கையிலிருந்த பையினுள் இரு படங்கள். ஒன்று பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையில் முந்திய ஆண்டு எடுக்கப்பட்டது. அதனைப் போலவே இப்போது ஒன்று எடுத்து வரும்படி அங்கே கூறியிருந்தனர். மற்றது என்னுடையது.

இரண்டையும் யன்னல் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தேன். பேராதனைப் படத்தில் விரல்கள் நேராகவும் சற்றே அகன்றும் கிடந்தன. பெருவிரல் இயல்பாக விலகி நின்றது. நடுவிரலின் கோடு முன்கையின் கோட்டோடு இழுத்துக் கட்டிய பாவு நூல்போல ஒன்றியிருந்தது. ஆரையும் அரந்தியும் இரண்டு மூன்று விரலகலத்துக்குத் தெரிந்தன. ஒவ்வொரு தொப்பியையும் தனித்தனியே எண்ணலாம். என்னுடையதிலோ ஒரு நண்டு கிடந்தது.

தாய் நடந்ததைக் கூறினார். முதற் படத்தின் பின்னர் பயப்படத் தேவையில்லை என்றார்களாம். தமது உம்மாவும் மூத்தம்மாவும் கட்டையானவர்களே என்பதால் வீட்டாரும் ஆறுதலடைந்தனராம். பின்னர் பிள்ளை வகுப்பில் தூங்கத் தொடங்கினாள், முகம் ஊதியது, வெயிற்காலத்திலும் குளிர்கிறதென்று போர்த்துக்கொண்டாள். ஆசிரியை ஒருவர் வற்புறுத்தவே, அம்பாறை, மகாஓயா, மகியங்கனை வழியாகச் செல்லும் பஸ்ஸில் ஏறி, பதினெட்டு வளைவிலும் பிள்ளை வாந்தியெடுக்க, கண்டிக்குச் சென்றனர். அப்போது அவளுக்குப் பன்னிரண்டரை வயது. எலும்பின் வயது ஒன்பது என்று அங்கே கணித்தனர். இரத்தத்தைச் சோதித்ததில் தைரொயிட்டுச் சுரப்பி வேண்டிய அளவு சுரக்கவில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு காலையும் வெறுவயிற்றில் ஒரு சிறு குளிசை. அவ்வளவுதான் வைத்தியம்.

முழுப் பழியையும் ஒரு படத்தின் மீது ஏற்றுவது மிகையாகும் என்பதை அறிவேன். வளராத பிள்ளைக்குப் படம் எப்படியிருப்பினும் இரத்தப் பரிசோதனை செய்திருக்கலாம். மங்கலான படத்தைத் திருப்பியனுப்பி இன்னொன்று எடுக்கச் செய்திருக்கலாம். ஆயினும் அந்த ஒன்றரை ஆண்டு அவளுடைய ஒன்றரை ஆண்டு. தைரொயிட்டுக் குறைபாடு நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்தால், மருந்து தொடங்கியபின் பிள்ளை விரைந்து வளர்ந்தாலும் இழந்த உயரம் முழுவதும் மீள்வதில்லை. பருவமடைந்தபின் கோடுகள் மூடிக்கொள்ளும் வேகத்தோடு அவ்வளர்ச்சி போட்டியிட நேர்கின்றது.

“அண்டைக்கு நான் ஒழுங்கா எடுக்கல்ல ராத்தா. படம் பிழை” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். “இவள்தான் தம்பி, அண்டைக்குக் கைய நீட்டமாட்டன் எண்டு நிண்டவள். ஊட்ட போயும் ஏசின நான்” என்றார்.

“பிள்ளையில் பிழையில்லை” என்று நான் திரும்பத் திரும்பக் கூறினேன். அதனை அவர் ஒரு மரியாதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கின்றேன். என் படத்துக்காக ஒரு பிள்ளை வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கின்றாள் என்னும் செய்தி, எலும்பு வயதைவிட அதிகமாக என்னைக் குத்தியது.

அன்று எடுத்த படத்துக்கு இருபது நிமிடம் செலவிட்டேன். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் அவளுடைய இடது கையை வைத்துப் பென்சிலாற் சுற்றி வரையச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் அறிந்த விளையாட்டு இது. வரையும்போது கை தானாகவே தட்டையாகிவிடும். விரல்கள் தாமாகவே அகலும். பின்னர் அதே நிலையைத் தட்டின் மீது வைக்கச் செய்தேன். இன்று இம்முறையை எல்லாப் பிள்ளைகளுக்கும் கையாள்கின்றோம். தட்டின் குளிரைத் தணிக்க மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சுருக்கமின்றி விரிப்பதுமுண்டு. முன்கை நழுவாதிருக்க மணற்பை வேண்டும். மணல் கதிரை மறைக்குமாதலால் அதனைப் படத்தின் எல்லைக்கு வெளியே வைக்கவேண்டும். கடற்கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை. பைக்கு உறை அந்தத் தாயின் தறியிலிருந்து வந்தது. நீலக் கட்டமிட்ட சாரன் துணி. இப்போது அதன் ஓரம் நைந்துவிட்டது. மாற்ற மனமில்லாது வைத்திருக்கின்றேன்.

மற்றையவை எந்தப் பாடநூலிலும் உள்ளவையே. குழாய் தட்டிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில். எந்நாளும் அதே தூரத்தில், இல்லையேற் சென்ற ஆண்டுப் படத்தோடு இவ்வாண்டுப் படத்தை ஒப்பிட முடியாது. கதிரின் மையம் நடுவிரலின் அடிக்கணு மீது. சிறிய குவியம், ஐம்பது கிலோவோற்று அளவிலான தாழ்ந்த மின்னழுத்தம், இயன்றவரை குறுகிய நேரம். இடம் என்பதைக் காட்டும் ஈய எழுத்து எலும்பின் மீது விழலாகாது. அது விழுந்து அரந்தித் தொப்பியை மறைத்த படத்தையும் நான் எடுத்திருக்கின்றேன். காப்பு, மோதிரம், தாயத்து, மணிகள் தைத்த சட்டைக் கை என்பவற்றை முன்கூட்டியே அகற்றவேண்டும். தாயத்தைக் கழற்றத் தயங்கும் மூத்தம்மாமாரிடம் வாதிடுவதில்லை. “நீங்களே கையில வெச்சிருங்க, முடிஞ்சதும் கட்டுவம்” என்றால் மறுப்பதில்லை.

இலக்கமுறைக் கருவிகள் வந்தபின் இத்தொல்லைகள் தீர்ந்துவிட்டன என்று கருதுவோர் உளர். என் கருத்து அதற்கு எதிரானது. முன்பு பிலிம் இருந்த காலத்திற் கதிர் கூடினாற் படம் கறுத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும். பிழை கண்முன் நிற்கும். இன்று கதிர் கூடினாற் கணினி அதனைச் சரிசெய்து அழகிய படமாகவே தருகின்றது. குறைந்தாலன்றோ படம் பொரிபொரியாகும். எனவே சற்றுக் கூட்டியே வைத்துக்கொள்வோம் என்னும் பழக்கம், யாரும் அறியாமல், பிள்ளையின் செலவில் வளர்ந்துவிடுகின்றது. ஒவ்வொரு படத்துக்கும் கருவி காட்டும் கதிரளவுச் சுட்டெண்ணைப் பார்ப்போர் சிலரே. எல்லையைக் குறுக்காது முழங்கை வரை கதிரைப் பாய்ச்சிவிட்டு, பின்னர் திரையில் வெட்டிச் சீராக்கிக் கொடுப்பதும் நடக்கின்றது. திரையில் வெட்டிய பகுதியும் பிள்ளையின் உடல்தானே? இவற்றிலும் பெரிது இன்னொன்று. அன்று கெட்டுப்போன பிலிம் குப்பைக் கூடையிற் கிடந்து, மாலையிற் பொறுப்பாளர் கண்ணிற் பட்டு, ஏன் என்று கேள்வி வரும். இன்று ஒரு பொத்தானை அழுத்தினாற் பிழை இல்லாமலே போய்விடுகின்றது. ஆதலால் நான் ஒரு கொப்பி வைத்திருக்கின்றேன். திரும்ப எடுக்க நேர்ந்த ஒவ்வொரு கைப்படத்துக்கும் காரணத்தை எழுதுகின்றேன். சிறிது காலம் எழுதியபின் ஒன்று விளங்கியது: அக்காரணங்களிற் பெரும்பாலானவை கருவியோடு தொடர்பற்றவை. எங்கள் அவசரமே அங்கு வெவ்வேறு பெயர்களில் எழுதப்பட்டிருந்தது.

எலும்பின் வயதைக் கணினியே கணிக்கும் மென்பொருள்கள் இப்போது வந்துள்ளன. டென்மார்க்கில் உருவான ஒன்று 2009ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பிய வைத்தியசாலைகளுக்குப் பரவியது. 2017இல் வட அமெரிக்கக் கதிரியக்கவியற் சங்கம் இதற்கெனப் போட்டியே நடத்தியது. நல்ல படத்தைக் கொடுத்தால் அவை நன்றாகக் கணிக்கும். நண்டைக் கொடுத்தால் என்னாகும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இப்படத்தைப் பற்றி எங்கள் ஊர்களில் நிலவும் ஒரு தப்பெண்ணத்தையும் குறிப்பிடவேண்டும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டில் மிகப் பெரிய இழப்பு இம்மாவட்டத்ததே. வீடுகளோடு சான்றிதழ்களும் போயின. அதன்பின் எலும்பைப் படமெடுத்தாற் பிறந்த திகதி தெரியுமாமே என்று கேட்டு வந்தோர் உண்டு. தெரியாது. ஒரே நாளிற் பிறந்த நலமான பிள்ளைகள் இருவரின் எலும்பு வயதில் ஓராண்டு, சிலவேளை இரண்டாண்டு வேறுபாடு இருப்பது இயல்பு. அந்தக் கடலின்போது கல்முனை வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்து, 81ஆம் இலக்கக் குழந்தை என உலகெங்கும் பேசப்பட்ட பச்சிளங் குழந்தையைப் பல பெற்றோர் உரிமை கோரியதாகச் செய்திகள் பரவியதும், 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனையாலேயே அவ்வழக்குத் தீர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். எலும்பு யாருடைய பிள்ளை என்று கூறாது. எந்நாளிற் பிறந்தது என்றும் கூறாது. எவ்வளவு வளர்ந்தது, இன்னும் எவ்வளவு வளரலாம் என்றே கூறும். 17 வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்டத்தில் வயதை மறைப்போரைக் கண்டறிய உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2009இல் மணிக்கட்டைச் சோதிக்கத் தொடங்கியபோதும், எக்ஸ் கதிரை விடுத்துக் காந்தப் படத்தையே தெரிந்தது. நோயற்ற பிள்ளைமீது, எவ்வளவு சிறிதாயினும், விளையாட்டுக்காகக் கதிரைப் பாய்ச்சலாகாது என்பதே காரணம்.

அச்சிறுமி இவ்வாண்டுப் பெருநாளுக்குப் பின்னரும் வந்தாள். சிறுமி என்று இனி எழுதுவது சரியன்று. உயரத்தில் தாயை எட்டிவிட்டாள். இன்னும் சிறிது இருக்கின்றதென்று படம் கூறுகின்றது. பெருவிரலடியில், பருவ வளர்ச்சியின்போது தோன்றும் சிறு மணியெலும்பும் வந்துவிட்டது. அவளுடைய உள்ளங்கை முழுவதும் மருதோன்றி. அதனைக் கண்ட தாய்க்குப் பழைய கேள்வி நினைவு வந்தது போலும்.

“மருதோன்றி படத்தில விழாதே தம்பி?”

“விழாது ராத்தா. அது தோலோட நிண்டுரும்.”

அவள் சிரித்தாள். அப்போதுதான் சொன்னாள். முதல்முறை வந்த நாளிலும் அவள் உள்ளங்கையில் மருதோன்றி இருந்ததாம். அந்த வெளிச்சம் பட்டால் மருதோன்றி அழிந்துவிடும் என்று அவளுடைய மாமி மகள் சொல்லியிருந்தாளாம். அதனாலேதான் கையைப் பொத்திக்கொண்டாளாம். “நீங்க கேக்கல்லதானே” என்றாள்.

நான் தாளையும் பென்சிலையும் எடுத்தேன். அது தேவையில்லையென்று தலையசைத்துவிட்டு, இடது கையைத் தானே தட்டின் மீது விரித்து வைத்தாள்.